தங்கபாண்டியின் கடைசி மூச்சு

'பெருந்தொற்றுக் காலத்தில் மரணத்துக்கு அஞ்சாது நோயாளிகளின் அருகில் நின்ற முன்னணி வீரர்' என்று கோமதிநாயகத்துக்கு அவர் வேலை பார்க்கும் மிஷன் ஆஸ்பத்திரி பாராட்டுப் பத்திரம் கொடுத்திருக்கிறது. அவர் எந்த நோயாளியின் அருகிலும் நின்றதில்லை. அங்கே அவர் டெலிபோன் ஆபரேட்டர். கண்ணாடிக் கூண்டுக்குள் இரண்டு முகக்கவசம் போட்டுக்கொண்டு, சானிடைசரால் துடைத்துத் துடைத்தே ரிசீவரின் நிறத்தை மாற்றியவர். வலியசாலை வீட்டில் பத்திரத்தைப் பார்த்த மனைவி வடிவாம்பாள் சொன்னாள்: "பல்லி விழுந்தா பஞ்சாங்கத்தைப் பொரட்டுற மனுசன். இவுக வீரராம், கேட்டேளா!"

ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் சாந்த்வன வார்டு. இனிக் குணமில்லை என்றானவர்களுக்கு வலியாவது இல்லாமல் கன்னியாஸ்திரீகள் பார்த்துக்கொள்ளும் இடம். இரண்டாம் அலையின்போது கூட இருக்க ஆள் கூடாதென்று உத்தரவு வந்தது; சாகிறவர்கள் பொதுநலம் கருதித் தனியாகச் சாக வேண்டியிருந்தது. கழக்கூட்டத்தில் கட்டட வேலை பார்த்த தங்கபாண்டி, தொண்டைப் புற்றோடு அங்கே கிடந்தார். கழுத்தில் குழாய். பேச்சு போய், இரைகிற மூச்சு மட்டும் மிச்சம். மாநில எல்லை தாண்டப் பாஸ் கிடைக்காத மனைவி இசக்கிசெல்வி, வள்ளியூரிலிருந்து சாயங்காலந்தோறும் கூப்பிடுவாள். கோமதிநாயகம் இணைப்புக் கொடுப்பார். வார்டில் சிஸ்டர் ஜினி போனைப் பிடித்துக்கொள்வார். அவள் பேசுவாள், அவர் மூச்சு விடுவார். ஆரோக்கியமான தம்பதிகள் பலரின் உரையாடலும் இதைவிட மேம்பட்டதல்ல.

ஒருநாள் மத்தியானம் ஜினி கூண்டுக்குப் போன் செய்தார். "சாரே, நம்மட தங்கபாண்டி போயி. வீட்டுக்கு டாக்டர்தான் சொல்லணும். சார் ஒண்ணும் பறையண்டா, கேட்டோ?"

டாக்டரோ பாதுகாப்பு உடைக்குள், கொரோனா வார்டில். அதைக் கழற்றாமல் போனைத் தொட முடியாது. சாயங்காலம் டாக்டர் கூப்பிடுவதற்கு முன்னால் வள்ளியூர் எண் வந்துவிட்டது.

கோமதிநாயகம் எடுத்தார். 'ஹலோ' வரவில்லை. பொய் சொல்லத் தைரியமில்லை, உண்மை சொல்ல அனுமதியில்லை. முகக்கவசங்களுக்குள் பயத்தில் மூச்சு இரைந்தது.

"என்னங்க, இன்னைக்கு நேரா ஒங்ககிட்டயே குடுத்துட்டாவளா?" என்றாள் இசக்கிசெல்வி. "மூச்சு கேக்கு. நேத்தைக்கு இது தேவல."

ரிசீவரைக் கீழே வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

"பயலுவ கோழிக்கறி கேக்கானுவ. அப்பா வந்தாத்தான் அறுப்பேன்னுட்டேன்." குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு கேக்கணும். மொத லாக்டவுன்ல ஊருக்கு வாரேன்னிய. ஊர்ல ஏசுவாவ, நோயக் கொண்டாந்திராதியன்னு நாந்தான் சொன்னேன். அங்கன ஷெட்டுலயே கெடந்து தொண்டையக் கவனிக்காம விட்டுட்டிய. எம்மேல கோவம் இருந்தா இருக்கட்டும். இல்லன்னா ஒருக்கா நல்லா இழுத்து மூச்சு விடுங்க. எனக்கு வெளங்கிரும்."

தங்கபாண்டிக்குக் கோபம் இருந்ததா? கோமதிநாயகத்துக்கு எப்படித் தெரியும்? அந்த மனிதரின் முகத்தைக்கூட அவர் பார்த்ததில்லை.

உயிரோடு பார்க்கக் கிடைக்காத பாஸ் பிணம் வாங்க உடனே கிடைத்தது. மறுநாள் வந்த இசக்கிசெல்வி, மத்தியானமே இறந்தார் என்பதை ஒத்துக்கொள்ளவில்லை. "சாயங்காலம் எங்கிட்ட மூச்சு விட்டாரு சிஸ்டர். நான் கேட்டதுக்குத்தான் விட்டாரு." அந்தச் சாயங்காலம் வார்டுக்குப் போனே வரவில்லை என்பது ஜினிக்குத் தெரியும். சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சாமியார் அதைப் பிரசங்கத்தில் சேர்த்தார். வள்ளியூரில் சுடலைமாடனின் கருணை என்று படையல் போட்டார்கள். இரண்டு மதங்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அபூர்வம்தான்.

உண்மையைச் சொல்லிவிட கோமதிநாயகம் ஜினியிடம் போனார். "சாரே, எந்தொரு அற்புதம்!" என்றார் அவர், கண் நிறைந்து. கோமதிநாயகம் சொல்லாமலே திரும்பி வந்துவிட்டார். சைவப் பிள்ளைமாருக்கு, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி இறக்கிவைக்கும் பாவசங்கீர்த்தனமும் கிடையாது.

இப்போதும் போனை எடுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறார். மறுமுனையில் இருப்பவர்கள் லைன் போய்விட்டதென்று வைத்துவிடுகிறார்கள். உறங்கும்போது அடக்க முடிவதில்லை. வடிவாம்பாள் உலுக்கி எழுப்புகிறாள். "இது ஒங்க மூச்சு மாதிரி இல்லியே," என்கிறாள், பரிகாசம் இல்லாமல்.

அன்று சாயங்காலம் அவர் ரிசீவரில் வாயை வைத்து, செத்துப்போனவருக்குப் பதிலாக, ஒருமுறை நன்றாக இழுத்து மூச்சு விட்டார்.