நம்மாளும் ஒங்காளும்

கராம்பு வாசம் மூக்குல ஏறினா எனக்கு இன்னைக்கும் ஒரு வெக்கம் வரும். சொல்லிர்றேன்... சிரிக்கிறவங்க சிரிச்சிட்டுப் போங்க.

மூனு வருசம் ஒரு நடிகருக்காகத் தொண்டத்தண்ணி வத்த சண்ட போட்டேன். அந்த ஆள எனக்குப் புடிக்கவே புடிக்காது.

கண்டிக்குப் பக்கத்துல வத்தேகமையில ஒரு கராம்பு, மிளகு ஸ்டோர்லதான் எனக்கு மொத வேல. வெள்ளக்காரன் கோப்பித் தோட்டம் போட்ட காலத்துக் கட்டடம். மொத்தமான செவரு, ஒசரத்துல குட்டி ஜன்னல்... உள்ள ஒருத்தன் தும்மினா நாலு பேரு தும்முன மாதிரி கேக்கும். தேயில வந்து எத்தனையோ தலமொற போயும் ஊருல அதுக்குப் பேரு கோப்பி ஸ்டோருதான். படிச்சவங்க கோப்பி காலம்னா வேற என்னமோ சொல்றாங்க. எனக்கு அந்த மூனு வருசம்தான் கோப்பி காலம்.

காய்ஞ்ச கராம்ப நடுவுல குமிச்சு வச்சு, ரெண்டு பக்கமும் சாக்குல ஒக்காந்து காம்பு பொறுக்கணும். கைக்கு மட்டும்தான் வேல. வாய் சும்மா கெடக்கும்.

எனக்கு எதிர்ல சவரிமுத்து. என்னைய விட நாலு வயசு மூப்பு, அதனால சவரிண்ணே. மொத நாளு தலைய நிமித்தாமலே கேட்டாரு.

"ஒனக்கு யாரு?"

எந்தத் தோட்டம்னு கேக்கல, அப்பா பேரு கேக்கல. நடிகரக் கேட்டாரு. பேரு நான் போட மாட்டேன்... ரெண்டு பேருக்கும் இன்னமும் ஆளுங்க இருக்காங்க, கமெண்ட்ல வந்து மேய்ஞ்சிருவாங்க. ஒருத்தரு அழுதா தியேட்டரே அழும். இன்னொருத்தரு பத்துப் பேர அடிச்சாலும் தலமயிரு கலையாது.

எனக்கு அழுவுற ஆளுதான் உசுரு. ஆனா கணக்கப்புள்ள முன்கூட்டியே ஒன்னு சொல்லி வச்சிருந்தாரு. "ஒனக்கு முந்தி இருந்தவன் சவரி சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினான். பேச ஒன்னுமில்லாம ஆறு மாசம் ரெண்டும் ஊமையாட்டம் ஒக்காந்திருந்துச்சுங்க."

வத்தேகமையில எனக்கு ஒரு நாயக்கூடத் தெரியாது. ஸ்டோர் பின்னாடி ரூம்ல தனியாத் தங்கல். வேலையிலயும் ஊமையா இருந்தா பைத்தியம் புடிச்சிரும்.

"ஒங்களுக்கு யாருண்ணே?"

அழுவுற ஆளத்தான் சொன்னாரு. நான் ஒடனே மத்த ஆளச் சொல்லிட்டேன்.

அன்னைக்கு வேல முடியிற வரைக்கும் பேசினாரு.

அதுக்கப்பறம் தெனமும் அதேதான்... உசுரோட இருக்கிறதுல யாரு பெரிய நடிகன்? கணக்கப்புள்ள நடுவுல வந்து செத்துப்போன யாரையாவது சொன்னா சவரிண்ணே விட மாட்டாரு. "அவருக்கு மார்க் போட மேல ஆளிருக்குங்கய்யா. நீங்க உசுரோட இருக்கிறவரச் சொல்லுங்க."

"ஒங்காளு ஒரு படத்துக்கு எத்தன போத்தல் கிளிசரின் முடிப்பாரு?"ன்னு நான் கேப்பேன்.

"ஒங்காளு மூஞ்சியில ஈ ஒக்காந்தா அப்பிடியே தூங்கிரும்டா. அசைஞ்சாத்தானே எந்திரிக்கும்."

சிரிப்பு முட்டிக்கிட்டு வரும். சிரிக்க ஏலாது, நான் எதிர்க்கட்சி.

கண்டிக்கு அவரு ஆளு படம் வந்தா ஸ்டோர்ல எல்லாரையும் கூட்டிட்டுப் போவாரு, என்னையத் தவிர. "ஒனக்கெதுக்குடா அந்தக் கஷ்டம்." நான் அடுத்த ஞாயித்துக்கெழம கண்டியத் தாண்டி கம்பளைக்கு பஸ் ஏறி, தெரிஞ்ச மூஞ்சியே இல்லாத தியேட்டர்ல தனியா ஒக்காந்து அழுதுட்டு வருவேன். திங்கக்கெழம வந்து கிளிசரின்ல ஆரம்பிப்பேன்.

அப்பறம் சவரிண்ணே குடும்பத்துக்கு இந்தியா போறதுக்குப் பேப்பர் வந்துச்சு. ரெண்டு அரசாங்கமும் பேசி தோட்டத்து ஆளுங்கள அங்கிட்டு அனுப்பின காலம், பேப்பர் வந்தா போய்த்தான் ஆகணும்.

கண்டி ஸ்டேசன். ரயில நாங்க கோச்சின்னுதான் சொல்வோம். போறவங்களும் அழுது, நிக்கிறவங்களும் அழுது, அந்தக் கோச்சிக்கு அழுக கோச்சின்னே பேரு. சவரிண்ணே ஜன்னல் வழியா கைய நீட்டி என் சட்டையப் புடிச்சாரு.

"இப்பவாவது ஒத்துக்கடா. நம்மாளுதான் பெரிய நடிகன். ஒரே ஒரு வார்த்த."

உண்மையச் சொல்ல அதுதான் நேரம். வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா ஒத்துக்கிட்டா பேச்சு முடிஞ்சிருமே... அப்பறம் எனக்கு லெட்டர் போட அவருக்கு என்ன இருக்கு?

"ஒங்காளு இந்த ஸ்டேசனுக்கு வந்தா கடைசி வரிசையிலதான்ணே நிக்கணும். இங்க எல்லாரும் அவர விட நல்லா அழறாங்க."

கோச்சி முழுக்க அழுதுச்சு. அவரு ஒருத்தருதான் சிரிச்சுக்கிட்டே போனாரு. "லெட்டர்ல வச்சிக்கிறேன் ஒன்னைய."

ரெண்டு லெட்டர் வந்துச்சு. ரெண்டுலயும் சண்டதான். மூனாவது வரல.

இப்ப கோப்பி ஸ்டோர் கல்யாண மண்டபம். நடிகருங்க ரெண்டு பேரும் போய்ச் சேந்துட்டாங்க, எங்க சட்டப்படி ரெண்டு பேருமே போட்டியில இல்ல. மகன் டுபாய்ல. வீட்டுல நானும் போனும். அழுவுற ஆளு படத்த ஒளியாம, மறையாம, கதிரையில சாஞ்சுக்கிட்டுப் பாக்கலாம். ஆனா அவரு அழற எடத்துல "எத்தன போத்தல்"னு வாய் தானாக் கேக்குது... எதிர்ல யாருமில்ல. எனக்கு வந்த அழுகையும் பாதியில நின்னுருது.

போன மாசம் சவரிண்ணே மக என்னைய பேஸ்புக்ல கண்டுபுடிச்சிச்சு. திருச்சிப் பக்கம் இருக்காங்களாம். "ஒங்க பேரச் சொன்னாலே அப்பா சிரிப்பாரு, சித்தப்பா. வாய்ஸ் மெசேஜ் போடுங்க, கேக்க வைக்கிறேன்"னு நம்பர் அனுப்புச்சு.

மூனு நாளு யோசிச்சு, நேத்து மத்தியானம் போட்டேன். நாலு நிமிசம். "அண்ணே, இத்தன வருசமா மனசுலயே வச்சிருந்தேன்... அவரு மாதிரி இனி ஒருத்தரு பொறக்கப் போறதில்லண்ணே"ன்னு சொல்றப்ப நல்லா அழுதுட்டேன்.

கை தவறி அது, சாவு விழுந்த வீட்டுக்கு ஒதவுற எங்க மரணாதார சங்க குரூப்புக்குப் போயிருச்சு.

செயலாளர் அஞ்சு நிமிசத்துல பதில் போட்டாரு. "ஆழ்ந்த அனுதாபங்கள். மரண சான்றிதழின் பிரதி ஒன்று தேவை." நாலு மணிக்கு ரெண்டு பேரு வந்து கேட்டுல சாவு வீட்டுக்குக் கட்டுற வெள்ளக் கொடி கட்டுனாங்க. மரண வீட்டுக்கு வந்தவங்களுக்குக் கோப்பி குடுக்கணும். குடுத்தேன்.

சீனி கூடிப்போச்சுன்னு சொன்னாங்க.