நல்லையாவுக்கு வந்த ஐஸ்

ஐஸ் கம்பெனியில் கட்டி தூக்கித் தூக்கியே தோள் காய்த்துப்போனவர் மலாக்கா கஜா பெராங் தெரு நல்லையா. மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம், ஒரு பிற்பகலில் கண்ணை மூடினார். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று மகள் கோகிலாவோடு பேச்சை அறுத்திருந்த மனுஷன், படுக்கையில் விழுந்த பிறகுதான் இளகினார். "அவ வந்து பாக்காம என்னை எடுத்துறாதே" என்று மனைவி சந்திரமதியிடம் கேட்டுக்கொண்டார்.

கோகிலா பினாங்கிலிருந்து வரவேண்டும். அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று மட்டும் தந்தி போயிற்று. கம்பெனி ஆட்கள் தள்ளுவண்டியில் ஐஸ் கட்டிகளை மரத்தூள் போட்டு, சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒரு சாக்கை அவிழ்த்து அவரைச் சுற்றி அடுக்கிவிட்டு, மற்றதை மறுநாளைக்கென்று கொல்லையில் வைத்தார்கள்.

தெருவுக்குப் பொறுக்கவில்லை. ஐஸில் போட்டுவைக்க மனுஷன் என்ன மீனா என்றார்கள். குளிர்ந்த உடம்பில் நெருப்புப் பிடிக்காது, உயிர் வாசலைவிட்டுப் போகாது என்றாள் எதிர்வீட்டுப் பொன்னம்மா. பிணம் கிடக்கும் தெருவில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் பசி வேறு. உயிரைப் பற்றிய கவலையில் பாதி வயிற்றைப் பற்றியதுதான்.

"இத்தனை வருஷம் ஐஸோட கிடந்தவரு, இன்னும் ஒரு நா கிடந்தா என்ன?" என்றாள் சந்திரமதி.

அவள் பக்கம் நின்றவன் கொழுந்தன் சேதுபதி ஒருவன்தான். அவள் கையால் சோறு தின்று வளர்ந்தவன். கோகிலா வரும்வரை எடுப்பதில்லை என்று அண்ணன் காலைத் தொட்டுச் சொன்னான். மலாக்காவுக்கு ரயில் கிடையாது, தம்பின் ஸ்டேஷனில் இறங்கித்தான் பஸ் பிடிக்கவேண்டும்.

"விடிஞ்சதும் நீங்களே போய்க் கூட்டியாங்க, அண்ணி. வயித்துப் பிள்ளைக்காரி, தனியா வந்து கேள்விப்பட்டா தாங்கமாட்டா."

இழவு வீட்டுக்காரி படி தாண்டுவதா என்று முனகிய பெண்களையும் அவனே அடக்கினான். பெற்ற பிள்ளைக்குக்கூட இவ்வளவு தோன்றாது என்று நெகிழ்ந்துபோய்த்தான் அவள் பஸ் ஏறினாள்.

மகளோடு திரும்பியபோது தெருவெல்லாம் தாளிக்கும் வாசனை. வீடு கழுவிவிட்டிருந்தது. வாசலில் சேதுபதி மொட்டைத் தலையோடு நின்றான். கொள்ளி வைத்தவன் யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"ஐஸ் நிக்கல, அண்ணி. எல்லாம் உருகிருச்சு."

சந்திரமதி நேரே கொல்லைக்குப் போனாள். மறுநாளைக்கென்று வைத்த சாக்கு கிடந்தது. கம்பெனி ஆட்கள் போட்ட கயிற்று முடிச்சு அப்படியே இருந்தது. அவிழ்த்தாள். மரத்தூளுக்குள் கட்டிகள் முனைகூட மழுங்காமல் இருந்தன. அவளை அனுப்பிவிட்டு எடுத்துவிடுவதென்று ராத்திரியே பேசி முடித்திருக்கிறார்கள். தெரு செய்ததை அவள் மன்னித்திருப்பாள். இவனை எப்படி மன்னிப்பது?

கோகிலா அந்தக் குளிரில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சாக்கை இழுத்துப் போட வந்தான் சேதுபதி. கல்யாணமாகி வந்த நாள் முதல் அவனைத் தம்பி என்றே கூப்பிட்ட சந்திரமதி, "தொடாதே, சேதுபதி" என்றாள்.

மறுபடி மரத்தூள் போட்டு மூடிவைத்தாள். மறுநாள் விளக்கு வைக்கும் நேரம்வரை அது உருகி முடியவில்லை. அவரும் அதுவரை இருந்திருப்பார்.