கால் பட்டால்

ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி ஹாலில் நவீன நடனம் சொல்லிக்கொடுக்கிறேன். காட்டூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். மீதியை எடுப்பது மாணவிகளின் ஒரு பழக்கம்.

இந்த நடனத்தில் ஒருவர் மேல் ஒருவர் சாய வேண்டும், உருள வேண்டும், முதுகில் ஏற வேண்டும். இவர்களோ யார் மேலாவது கால் பட்டுவிட்டால் ஆட்டத்தை நிறுத்தி, பட்ட இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், ஹாலே கும்பிட்டுக்கொண்டிருக்கும்.

ஜீயபுரத்திலிருந்து வரும் பெண்தான் மோசம். பத்து வருஷம் பரதம் படித்தவள்.

"காலும் உடம்புதானேம்மா. பட்டா பட்டுட்டுப் போகட்டும்" என்று தொண்டை வறளக் கத்துவேன்.

"சாரி மிஸ், கை தானா போயிடுதுங்க" என்பாள். மூன்று மாதமாக இதே கதை.

போன வாரம் அவளுடைய ஜோடிப் பெண் வரவில்லை. அந்த இடத்தில் நானே தரையில் படுத்தேன். அவள் என் மேல் உருண்டு எழுந்தபோது குதிகால் என் தோளில் நன்றாக அழுந்தியது. அவள் நிற்கவில்லை. அடுத்த அசைவுக்கு அழகாகப் போய்விட்டாள். நான் கேட்டதும் அதைத்தான். ஆனாலும் படுத்தபடியே அவள் கை வரும் என்று காத்திருந்தேன்.

பாட்டு முடிந்ததும் முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்தாள். "இப்ப சரியா பண்ணேனா மிஸ்?"

"மிதிச்சது தெரியலையா உனக்கு?" என்று எரிந்து விழுந்தேன்.

சிரிப்பு அணைந்தது. குனிந்து என் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் தடுக்கவில்லை.