காங்கோ என்று இரண்டு நாடுகள்

என் கணவர் ஐந்து வருடமாகக் காங்கோவில் ஒரு மளிகைக் கிடங்கில் வேலை பார்த்தார். மலேரியா முற்றி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று அவருடன் வேலை செய்பவர் போன் செய்தார். உத்தமபாளையத்திலிருந்து கொழுந்தன் யூசுப்பைக் கூட்டிக்கொண்டு டெல்லிக்கு ஓடினேன். போனில் 'காங்கோ தூதரகம்' என்று தேடி, முதலில் வந்த முகவரிக்கே விசா கேட்டுப் போனோம்.

அன்று வெள்ளிக்கிழமை. அதிகாரி அவர் இருக்கும் ஊர் என்று நான் காகிதத்தில் எழுதி வைத்திருந்த பெயரைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். யூசுப் என் பக்கம் திரும்பினார்.

"மதினி, காங்கோன்னு ரெண்டு நாடு இருக்காம். அண்ணன் இருக்கிறது இன்னொண்ணாம். அந்த ஆபீசு வேற எடத்துல இருக்குன்னு சொல்றாக."

ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அந்த ஆபீசைப் பூட்டிவிட்டிருந்தார்கள். திங்கட்கிழமைதான் திறப்பார்களாம். ஞாயிறு காலையில் அவர் இறந்துபோனார். அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

"அன்னைக்கே சரியா போயிருந்தாலும் உடனே விசா தந்திருக்க மாட்டாக மதினி" என்கிறார் யூசுப். இருக்கலாம். ஆனால் ஐந்து வருடத்தில் அவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்றுகூட நான் கேட்டதில்லையே.

இப்போது எங்கள் தெருவில் யார் வெளிநாடு கிளம்பினாலும், நாட்டின் முழுப்பெயரையும் தலைநகரையும் அந்த வீட்டுப் பெண்ணை எழுதி வைக்கச் சொல்கிறேன். எனக்குத்தான் அது இனி எதற்கும் உதவாது.