குதிகால் பிரேக்

கிளெனிஸ் டாரன்ட் முப்பது வருடம் பேருந்து ஓட்டியவள். பிரேக்கில் சின்னச் சத்தம் கேட்டால்கூட வண்டியை எடுக்க மாட்டேன் என்று டெப்போவில் சண்டை போட்டவள். அப்படிப்பட்டவள்தான் லோசாவின் காலிலிருந்து பிரேக்கைக் கழற்றச் சொன்னாள். அதுவும் எதற்காக? ஒரு சுவரொட்டிக்காக.

நியூகாசல் துறைமுகக் கரையில் இருக்கிறது அந்த ஸ்கேட்டிங் பள்ளி. சக்கரங்கள் ஒரே வரிசையில் இருக்கும் காலணி மாட்டி ஓடக் கற்றுத்தருவார்கள். ஓய்வு பெற்ற கையோடு கிளெனிஸ் அங்கே போய் நின்றாள். "இத்தனை வருஷமா பஸ்ஸுல இருந்து உங்களைப் பாக்குறேன். ஊர்ல ஒருத்தருக்கும் உங்களைத் தெரியல. எனக்கு வாய் இருக்கு, வேலை குடுங்க" என்றாள். கொடுத்தார்கள்.

மீன்வறுவல் கடை, சலவைக் கடை, கிளப் வாசல் என்று சுவர் கண்ட இடமெல்லாம் சுவரொட்டி ஒட்டினாள். சனிக்கிழமைகளில் கரையில் அடுப்பு வைத்து சாசேஜ் சுட்டாள். ரொட்டியில் சுருட்டி வாங்கிய ஆள் வகுப்பில் பெயர் கொடுக்காமல் அந்த இடத்தை விட்டு நகர முடியாது. பயிற்சியாளர்களுக்கு வெயில் கிரீம், தேநீர், மாற்றுச் சக்கரம் எல்லாம் அவள் பொறுப்பு. தன் பிள்ளைக்கு ஓட வரவில்லை என்று பயிற்சியாளரிடம் எகிறும் பெற்றோரை ஓரமாக அழைத்துப் போய் அவள்தான் அடக்கி அனுப்புவாள். ஆனால் அவள் மட்டும் ஒருநாளும் சக்கரம் மாட்டியதில்லை. விழுந்துவிடுவோம் என்று பயம். கேட்டால் மறைக்காமல் சொல்வாள்.

லோசா வாய்புலு டோங்கா நாட்டுக் குடும்பத்துப் பெண். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லித்தர அந்தப் பள்ளியில் இருப்பது அவள் ஒருத்திதான். நன்றாக ஓடத் தெரிந்தவர்கள் வலது குதிகாலில் இருக்கும் ரப்பர் பிரேக்கைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். பின்னால் இருக்கும் காலைக் குறுக்கே வைத்து இழுத்தே நின்றுகொள்வார்கள். பிரேக் இருந்தால் கத்துக்குட்டி என்று கேலி செய்வார்கள். பாடம் நடத்துகிறவர் மட்டும் கௌரவம் பார்க்காமல் அதை மாட்டியாக வேண்டும். முன்னால் போகிறவர் கால் என்ன செய்கிறதோ அதைத்தான் புதியவர் கால் செய்யும்.

சுவரொட்டிக்குப் படம் எடுத்த அன்று கிளெனிஸ் சொன்னாள்: "அந்த ரப்பரோட நின்னா பாலர் பள்ளிப் பிள்ள மாதிரி இருக்கு. கழட்டு கண்ணு." கழற்றியதைத் தன் இடுப்புப் பையில் போட்டுக்கொண்டாள். இருவருமே மறந்துபோனார்கள். மறுநாள் வகுப்பில் சரிவில் இறங்கிய லோசா, பழக்க தோஷத்தில் பின்னால் இருந்த காலைக் குறுக்கே இழுத்து நின்றாள். பின்னால் வந்த புது மாணவி நொரீன் பாஸ்கோ, ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியை, அதையே செய்தாள். சுழன்று விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள்.

"தப்பு என்னுது. பிரேக் என் பையில இருக்கு" என்று கிளெனிஸ் அங்கேயே எல்லோர் முன்னும் சொன்னாள்.

"பை உங்களுது, பாஸ். கால் என்னுது" என்றாள் லோசா. அதற்குப் பிறகு அவள் பாடம் நடத்தவில்லை. வருவாள், காலணிகளைத் துடைப்பாள், போவாள்.

இன்று இலவசப் பயிற்சி நாள். சுவரொட்டியைப் பார்த்து வந்த கூட்டம் சரிவின் உச்சியில் வரிசை கட்டி நின்றது. லோசா குனிந்து ஒவ்வொருவருக்கும் வார் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"யாரு சொல்லிக்குடுக்கிறது?" என்றாள் கிளெனிஸ் மெதுவாக.

"நான் இல்ல. இன்னையோட இங்க வர்றதையும் நிறுத்திக்கிறேன். வேற ஆளைப் பாருங்க."

வேறு ஆள் கிடையாது என்பது இருவருக்கும் தெரியும். இவள் போனால் பள்ளியும் போச்சு. அதைவிட, இந்தப் பெண் இந்தப் பயத்தைக் காலம் முழுக்கச் சுமப்பாளே என்பதுதான் கிளெனிஸின் கவலை. அந்த நேரம் பார்த்துக் கையில் மாவுக்கட்டோடு நொரீன் வந்து, சரிவின் அடியில் இருந்த கம்பி வேலி ஓரமாக நின்றாள். லோசாவின் கை வாரிலேயே நின்றுபோனது.

கிளெனிஸின் வாய் இந்த ஊரில் எதையும் விற்றுவிடும். இப்போது அவள் அதை நம்பவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.

"எனக்கு ஒரு ஜோடி குடு."

"விளையாடாதீங்க, பாஸ்."

"விளையாடுற மூஞ்சியா இது?"

லோசா அவள் முகத்தைப் பார்த்தாள். நிஜமாகவே வெளுத்திருந்தது. "விழுந்தா நான் பிடிக்க மாட்டேன். பிடிச்சா ரெண்டு பேரும் போய்ச் சேருவோம்."

"தெரியும். அந்த விதியை நோட்டீஸ்ல எழுதினதே நான்தான்."

கிளெனிஸ் இடுப்புப் பையைத் திறந்து அந்த ரப்பர் துண்டை நீட்டினாள். லோசா அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். பிறகு தன் வலது காலணியில் திருகிக்கொண்டு, பிரேக் இருந்த ஒரு ஜோடியை கிளெனிஸுக்கு மாட்டிவிட்டாள்.

உச்சியில் கிளெனிஸ் எழுந்து நின்றாள். லோசா அவளைப் பார்த்தபடி பின்பக்கமாக நகர்ந்தாள். "முட்டியை மடிங்க. என்னைப் பாருங்க, கீழ பாக்காதீங்க. வாங்க."

சக்கரம் உருண்டது. முதலில் மெல்ல, பிறகு வேகமாக. வேலியும் அதற்கப்பால் தண்ணீரும் லோசாவின் தோளுக்குப் பின்னால் பெரிதாகிக்கொண்டே வந்தன. கிளெனிஸ் கீழே பார்த்துவிட்டாள். உடம்பு பின்னால் சாய்ந்தது.

லோசாவின் இரண்டு கைகளும் அவளைப் பிடிக்க முன்னால் வந்தன. பாதியில் நின்றன. அந்தக் கைகளை அவள் தன் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வலது கால் முன்னால. விரலைத் தூக்குங்க. உக்காருங்க. நாற்காலியில உக்கார்ற மாதிரி, உக்காருங்க."

குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. கிளெனிஸ் உட்கார்ந்தாள். ரப்பர் தார்ச்சாலையில் கிறீச்சிட்டது. வேலியோரம் நின்றுவிட்ட லோசாவுக்கு ஒரு கை தூரத்தில் வேகம் செத்து, அவள் நின்றாள். லோசாவைத் தொடாமல், தன் காலில் நின்றாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

நொரீன் வேலியோரமாகப் பக்கத்தில் வந்தாள். "எனக்குக் கட்டுப் பிரிக்க நாளாகும். பிரிச்சதும் எனக்குச் சொல்லித்தர இவ இங்க இருப்பாளா?" என்று கிளெனிஸைக் கேட்டாள்.

கிளெனிஸ் லோசாவின் பக்கம் கையைக் காட்டினாள்.

லோசா முதுகுக்குப் பின்னாலிருந்த கைகளை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். சரிவின் உச்சியில் நின்ற வரிசையை அண்ணாந்து பார்த்தாள்.

"அடுத்தது யாரு?" என்று குரல் கொடுத்தாள்.