இலவசப் பலகையில் வீட்டுச் சாவி

2025 ஜூன் 13, வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. உச்சி வெயில், கடல்காற்று இன்னும் ஊருக்குள் வரவில்லை. மயிலாப்பூரிலிருந்து எழும்பூருக்குப் போகும் ஆட்டோவில் நானும் மனைவியும் ராயப்பேட்டை சிக்னலில் நின்றிருந்தோம். ஒன்றே முக்காலுக்குத் திருச்சி ரயில். ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி மகளுக்குக் கல்யாணம். அப்போது என் செல்பேசி அதிர்ந்தது.

முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார்: "ஐயா, உங்கள் ஆட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் படகு மணல்மேல் ஏறி நின்றுவிடுகிறது. இன்னொன்று, மீட்டர் பெட்டியில் இருக்கும் சாவியை எடுத்துவிடுங்கள்."

இரண்டாம் தரமும் படித்தேன்.

என்னோடு ஒரே அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த நண்பர் அசோக் நகரில் இருக்கிறார். நாங்கள் இருவரும் பொழுதுபோக்காக ஒரு கணினி விளையாட்டு செய்துகொண்டிருந்தோம். அடையாறு கடலில் சேரும் இடத்தில், மணல் திட்டில் தட்டாமல் படகை வெளியே கொண்டுபோக வேண்டும். பிழைகள் நூறைத் தாண்டி, எதை யார் சரிசெய்தார் என்பதே குழம்பியதால், வேலைகளைக் குறித்துவைக்க ஒரு செயலி தேடினேன். ஒன்பதைப் பார்த்து, பதினான்கு கட்டம் போட்டு ஒப்பிட்டு, காசே கேட்காத ஒன்றை எடுத்தேன். அதன் பலகையில் அட்டை அட்டையாக எழுதி ஒட்டுவதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மறைத்துவைக்க மாதம் முந்நூற்று முப்பது ரூபாய். படகு மணலில் சிக்குவதை யார் படித்தால் என்ன என்று நினைத்தேன்.

ஆனால் அந்தப் பலகை கைக்கு அவ்வளவு வசதியாக இருந்தது. பிழைகளுக்கு நடுவே காஸ் பதிவும் ரத்தப் பரிசோதனையும் ஏறின. ஜூன் 2-ஆம் தேதி இந்த அட்டையையும் ஏற்றினேன்: "13 முதல் 16 வரை திருச்சி. வீடு பூட்டியிருக்கும். செடிக்குத் தண்ணீர் ஊற்ற வரும் அம்மாவுக்குச் சாவி மீட்டர் பெட்டிக்குள்." அதற்கு மேலிருந்த அட்டையில், நண்பர் ஜாய்ஸ்டிக் கைப்பிடி ஒன்றை அனுப்புவதற்காக, கதவு எண், செல்பேசி எண்ணோடு என் முகவரி.

"வண்டியைத் திருப்புப்பா," என்றேன்.

"இன்னா சாரே, ட்ரெயின் போய்டும்," என்றார் ஓட்டுநர்.

"ஏன்னா, என்னத்தை மறந்தேள்?" என்றாள் மனைவி. சொன்னேன். "ஆத்துச் சாவி இருக்கற இடத்தை ஊருக்கே எழுதி ஒட்டிட்டேளா?"

"பூட்டை நாலு வாட்டி இழுத்து இழுத்துப் பாத்த. இதுக்குத்தானா சாரே?" என்று சொல்லிக்கொண்டே ஓட்டுநர் வண்டியைத் திருப்பினார்.

அட்டையின் மூலையில் எத்தனை முறை திறக்கப்பட்டது என்ற கணக்கு இருந்தது. முப்பத்தேழு. மனைவியிடம் காட்டினேன். "முப்பத்தேழு பேரும் வந்தா காபி போட்டு மாளாது," என்றாள். ஆனால் அவள் கை என் கையைப் பிடித்திருந்தது.

நான் அதைத் திறந்த நேரங்கள் என் டைரியில் உண்டு: இருபத்தொன்று. நண்பரைப் போனில் கூப்பிட்டு, சாவி அட்டையைப் பார்த்தாரா என்று கேட்டேன்.

"பார்த்தேன் ஓய். உம்ம காஸ் சிலிண்டர் லிஸ்டுலேர்ந்து இது வரைக்கும் எல்லாத்தையும் சிரிக்கத்தான் தினம் ஒரு தரம் திறப்பேன்."

"மொத்தம் எத்தனை தரம்?"

"பன்னெண்டு இருக்கும்."

"சாவியைப் படிச்சும் ஏன் ஓய் சொல்லலை?"

"நான் என்ன திருடனா? உம்ம ஞாபகத்துக்கு எழுதிண்டிருக்கீர்னு விட்டுட்டேன்."

எனக்குச் செய்தி அனுப்பிய அந்நியர் ஒரு தரம். மீதி மூன்று. அந்த மூன்றும் யார்? ஒரே ஆள் மூன்று தரமா, மூன்று ஆள் ஒவ்வொரு தரமா? வண்டியிலேயே அட்டையை அழித்தேன். படித்தவன் மனதிலிருந்து எப்படி அழிப்பது?

வீட்டுக்கு வந்து பார்த்தால், மீட்டர் பெட்டியில் சாவி இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் பயமாகப் போயிற்று. காலையில் எட்டு மணிக்கே அதை அங்கே வைத்துவிட்டிருந்தேன். நாங்கள் உள்ளே பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது ஒருவன் எடுத்து, மாற்றுச் சாவி செய்துகொண்டு, திரும்ப வைத்திருக்கலாம். பத்து நிமிட வேலை. பீரோவில் எட்டு வெள்ளிச் சாமான்கள். இரண்டு முறை எண்ணினேன், எட்டும் இருந்தன. கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்தேன்.

பூட்டு மாற்றுபவர் வரும்போது ரயில் செங்கல்பட்டைத் தாண்டியிருக்கும். அவர் கதவைத் தட்டிப் பார்த்தார்.

"பூட்டு சோக்கா கீதே நைனா. எதுக்கு மாத்துற?"

"சாவி எங்க இருக்குன்னு எழுதிவெச்சுட்டேன். எல்லாரும் பார்க்கற இடத்துல."

"செவுத்துலயா?"

"கம்ப்யூட்டர்ல."

"அதுக்குச் செவுரே தேவலை. தெருவுல போறவன் மட்டுந்தான் பாப்பான்."

முன்கதவு, பின்கதவு இரண்டுக்கும் புதுப்பூட்டு ஏறியது. பலகையையே மூடிவிட்டேன், படகின் பிழைகள் இப்போது என் கணினியில் ஒரு சாதாரணக் கோப்பில் இருக்கின்றன. புதுச் சாவிகள் மனைவியின் கைப்பையில். செடிகள் நான்கு நாள் காயட்டும் என்று சொல்லிவிட்டாள். சாயங்காலம் பஸ் பிடித்துப் போனோம். கல்யாண மண்டபத்திலிருந்து எதிர்வீட்டுக்காரருக்கு ஆறு முறை போன் செய்து கதவு சாத்தியிருக்கிறதா என்று கேட்டேன். ஏழாவது தடவை அவர் எடுக்கவில்லை. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

யாரும் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. அந்த மூன்று தரம் திறந்தது யாரென்றும் தெரியவில்லை. படியில் பழக்கமில்லாத செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

பூட்டுகள், கூலி, தவறிய ரயில் டிக்கெட்டுகள், ஆட்டோ, பஸ் எல்லாம் சேர்த்து ஆறாயிரத்து அறுநூற்று எண்பது ரூபாய். பலகையை மறைத்துவைக்க மாதம் முந்நூற்று முப்பதுதான் கேட்டிருந்தார்கள்.