எல்லாப் பையிலும் ஊற்றிய மருந்து

நாச்சியாபுரத்தில் மாங்கன்று வளர்க்கிறேன். போன வருடம் ஒட்டுக் கட்டும் அளவுக்கு ஒரு கன்றும் பருக்கவில்லை. கடைசி முயற்சியாக, வேருக்குச் சத்து இழுத்துத் தரும் நல்ல பூஞ்சையைப் பை மண்ணில் கலந்து மாங்கொட்டை ஊன்றினேன். கன்றுகள் தளதளவென்று வந்தன.

ஒருநாள் செக்காலைக் கடைக்குப் போய்த் திரும்பினால், பக்கவாதத்தில் படுத்திருந்த என் கணவர் கன்றுகளுக்கு நடுவே சுவரைப் பிடித்து நிற்கிறார்.

“பூஞ்சை நல்லாப் புடிச்சிருச்சுன்னு போன்ல யார்கிட்டயோ சொன்னியே! பூஞ்சைக்கொல்லியக் கரைச்சு எல்லாப் பையிலயும் ஊத்திட்டேன். கன்னு பொழச்சுச்சு” என்றார். நோய் வந்தபின் அன்றுதான் சிரித்தார்.

“நல்ல வேலை செஞ்சீக” என்றேன்.

அந்த மருந்தில் நல்ல பூஞ்சை செத்தது. கன்றுகள் வளராமல் நின்றுவிட்டன. “ஏன் பருக்கல?” என்று தினமும் கேட்கிறார். வெயில் என்கிறேன். மறுபடி ஊன்ற வழியில்லை. இருந்தும் அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.